வாயோரத்து அசுவினிகள்

தோட்டத்துத் தொட்டியில் ஒரு குடுவைச் செடி இருந்தது. திறந்த மூடியோடு ஜாடிபோல இருக்கும் அதன் இலையின் வாயோரத்துத் தேனுக்கு ஆசைப்பட்டு வரும் ஈக்கள் வழுக்கி உள்ளே விழும். அதுதான் அதன் சாப்பாடு. ஆனால் தண்டில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சிய அசுவினிப் பூச்சிகளை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. குருத்தெல்லாம் சுருண்டுபோனது.

ஒரு காலையில் பொறிவண்டு ஒன்று வந்து அசுவினிகளைத் தின்னத் தொடங்கியது. செடிக்கு உயிர் வந்தது. கூடவே பயமும் வந்தது.

“ரொம்ப மேலே வராதே தங்கச்சி. மூடின்னு ஒண்ணு இருக்கே தவிர, என் வாயை என்னால மூட முடியாது.”

“பார்த்துத்தான் நடக்கிறேன் அக்கா.”

வண்டு ஏற ஏறச் செடி பதறியது. மாலைக்குள் தண்டு சுத்தமானது. வாய் விளிம்பில் மட்டும் நாலைந்து அசுவினிகள் மிச்சம். அங்கே கால் வைத்ததுமே வண்டு வழுக்கியது; எப்படியோ மூடியைப் பற்றிக்கொண்டு தொங்கியது.

“போயிடும்மா! அதுங்க இருந்துட்டுப் போகட்டும்!”

“விட்டா மறுபடி பெருகிடுமே அக்கா?”

“பெருகினா உன்னைக் கூப்பிடுறேன். கூப்பிட நீ இருக்கணும்ல?”

வண்டு பறந்து வேலியைத் தாண்டிய பிறகுதான் செடிக்கு மூச்சு வந்தது. விளிம்பிலிருந்த அசுவினிகள் மெல்லத் தண்டை நோக்கி இறங்கத் தொடங்கின.