சுவருக்கு அந்தப் பக்கத்து அரிசி

பொறாமை கண் வழியாகத்தான் நுழைகிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இந்தப் பிழையை இனியும் அனுமதிப்பதற்கில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அது காது வழியாக நுழைகிறது. அங்கே ஒரு குடும்பத்தின் காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் சுவர் உண்டு; ஆனால் அந்தச் சுவர் கூரையைத் தொடுவதில்லை.

1936. இலங்கையில் ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டம். முந்தின வருஷத்து மழையில் மலை சரிந்து ரோட்டை மூடியது. அரிசி லொறி வராமல் லயமே பட்டினி கிடந்தது.

"அக்கா, இந்த வருசம் தெனமும் ஒலையில போடுற அரிசியில ஒரு பிடி எடுத்து வச்சுருவோம்" என்றாள் பூரணி.

"எனக்குப் புத்தி சொல்ல நீ யாருடி?" என்றாள் அடுத்த காம்பராக் காளியாயி.

அன்று மாலையே சுவருக்கு அந்தப் பக்கம், பூரணி வீட்டில், பானைக்குள் அரிசி விழும் சத்தம் கேட்டது. மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும்.

"என்னாங்க, கேட்டீங்களா? அவ புருசன் அழகன் காய்ச்சல்ல படுத்தே கெடக்கான். அவ ஒருத்தி சம்பளந்தான். பானை ரொம்புது பாருங்க!"

காளியாயியின் புருஷன் வீரய்யா சுருட்டைப் பற்ற வைத்தார். "ரொம்பட்டுமே. ஒனக்கென்னா?"

"நம்ம ரெண்டு பேரும் பெரட்டுக்கு நின்னு வேலைக்குப் போறோம். நம்ம பானையில கரப்பானுல்ல ஓடுது!"

காளியாயி இரண்டு பிடி போட ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் நன்றாகக் கேட்கட்டும் என்று உயரத்திலிருந்து போட்டாள்.

சோறு குறைந்த தட்டைப் பார்த்த வீரய்யா, "மலை சரியிறதுக்கு முன்னால நான் சரிஞ்சுருவேன் போலருக்கே" என்றார்.

ஆனி மாதம் மலைதான் சரிந்தது. ரோடு அடைபட்டது. லொறி வரவில்லை.

காளியாயியின் பானை விளிம்பு வரை இருந்தது. நிம்மதிதான் இல்லை. அடுத்த வீட்டுப் பானை இதைவிடப் பெரிசாக இருந்தால்? படி இரவல் கேட்கிற சாக்கில் உள்ளே நுழைந்தாள்.

பூரணி, அழகனுக்கு வெறும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். காளியாயி மூலையிலிருந்த பானைக்குள் கையை விட்டாள். அடி வரை துழாவினாள். ஒன்றுமில்லை.

"எங்கடி அரிசி? தெனமும் போட்டியே, இந்தக் காதால கேட்டேனே!"

"அது ஒரே பிடிதான்க்கா. மேல இருந்து போடுவேன். திரும்ப அள்ளி ஒலையில போட்ருவேன்."

"யார ஏமாத்தடி?"

"எங்க வீட்ல மிச்சம் புடிக்க வழியில்ல. நான் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. ரெண்டு வீட்டுல ஒரு பானையாச்சும் ரொம்பட்டும்னுதான்... போன வருசம் ஒங்க சின்னது பசியில அழுதது, சுவத்துக்கு மேல கேட்டுச்சுக்கா. தாங்க முடியல."

காளியாயி தன் காம்பராவுக்குப் போனாள். முறம் நிறைய அரிசியோடு திரும்பி வந்தாள்.

"நீயே காச்சு. என் வெறகெல்லாம் ஈரம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு வீட்டுக்கும் பூரணியே கஞ்சி காய்ச்சினாள்; காளியாயி ஊற்றினாள்.

"அடேயப்பா, கஞ்சின்னா இது கஞ்சி!" என்றார் வீரய்யா.

அவருக்கு இரண்டாவது அகப்பை விழவில்லை.