கிளிச் சட்டை

"அறுபது வயசு ஆகப்போகுது. அந்த மனுஷன் போட்டிருக்கிற சட்டையைப் பாருங்க" என்றார் மேனேஜர்.

கண்ணாடி அறைக்கு வெளியே கட்டிங் மாஸ்டர் துணியை அடுக்கிவைத்துச் சாக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். வெளிர்பச்சைச் சட்டை. அதில் குடை குடையாகப் படம்.

"ஒல்லி உடம்பு சார். எதைப் போட்டாலும் நுழையுது, போடுறார்" என்றாள் செக்கிங் அக்கா.

"நாம தைக்கிறது காலேஜ் பசங்களுக்கு. அவருக்கா? போன மாசம் மண்டையோடு. அதுக்கு முன்னாடி வரிக்குதிரை. வயசுன்னு ஒண்ணு இல்லையா?"

தையல் தளத்தில் மாஸ்டருக்குப் பெயரே 'புது மாப்பிள்ளை'தான். அது அவர் காதிலும் விழும். "பொண்ணு பார்த்துட்டுச் சொல்லுங்கப்பா" என்று கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

மேனேஜர் வேலைக்கு வந்து ஆறு மாதம்தான். கறாரான ஆள். புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரம் ஒரு முழுச் சட்டை தைத்துக் காட்ட வேண்டும். தப்பு இருந்தால் அதை உயரத் தூக்கிப் பிடித்து, நாற்பது மெஷினுக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போடுவார். ஒருத்தருக்குச் சொன்னால் எல்லாருக்கும் உறைக்கும் என்பது அவர் கணக்கு.

அன்றைக்குப் பதினேழாம் மெஷின் அம்மாவின் முறை. நாற்பது வயதுக்கு மேல். வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்த பிறகு முதல்முதலாக வேலைக்கு வந்தவர்.

"பாக்கெட் எந்தப் பக்கம் வரணும்னுகூடத் தெரியாதாம்மா? இதை எவன் போடுவான்?"

சட்டை கழிவுப் பெட்டியில் போய் விழுந்தது. அந்த அம்மா அதன் பிறகு தலை நிமிரவில்லை. சாயங்காலம் செக்கிங் அக்காவிடம், "எனக்கு இது வராதுக்கா. நாளைக்கு எனக்காகப் பார்க்காதீங்க" என்று சொன்னது மேனேஜர் காதிலும் விழுந்தது. அவருக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது.

மறுநாள் வெளிநாட்டிலிருந்து சரக்கு எடுப்பவர்கள் வருகிறார்கள். அவர்களுக்குக் கட்டிங் மேஜையைக் காட்ட வேண்டியவர் மாஸ்டர். மாஸ்டருக்கு இந்த மாதத்தோடு ஓய்வு வயது வந்துவிடுகிறது. இன்னும் ஒரு வருஷம் வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று முடிவுசெய்வதை முதலாளி மேனேஜரிடமே விட்டுவிட்டார்.

கிளம்பும் நேரத்தில் மேனேஜர் மாஸ்டரைப் பிடித்தார்.

"நாளைக்கு மட்டும் ஒரு வெள்ளைச் சட்டை போட்டுட்டு வாங்க மாஸ்டர். வயசுக்குத் தகுந்த மாதிரி."

மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். "நாளன்னைக்கு வேணா வரேன் தம்பி. நாளைக்கு ஒரு சட்டைக்கு ஒத்துக்கிட்டேன்."

"சட்டைக்கு ஒத்துக்கிட்டீங்களா? சட்டை என்ன, கச்சேரியா? மாஸ்டர், உங்க விஷயம் இன்னும் முடிவாகலை. ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு தம்பி. வீட்டுல ரெண்டு வேளை மாத்திரை இருக்கு, அதை மறந்தாலும் இதை மறப்பேனா?"

மறுநாள் காலை தளத்தில் கிசுகிசுவென்று சிரிப்பு. "மாப்பிள்ளை அழைப்பு ஆரம்பிச்சாச்சு" என்றது ஒரு குரல்.

மாஸ்டர் வந்துகொண்டிருந்தார். ஆரஞ்சுச் சட்டை. அந்த வாரம் நாற்பது மெஷினிலும் ஓடுகிற துணிதான். உடம்பு முழுக்கப் பச்சைக் கிளிகள், ஒன்றை ஒன்று கொத்திக்கொண்டு.

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. உள்ளே போய் ஒரு காகிதத்தை அடித்து எடுத்தார். மாதக் கடைசியோடு மாஸ்டரின் வேலை முடிகிறது என்று இரண்டே வரி. மாஸ்டரைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு மேஜையில் வைத்தார்.

"படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

மாஸ்டர் படித்தார். மறுபடியும் படித்தார். "சரிங்க" என்றார்.

பேனாவுக்காக அவர் கை வழக்கம்போல் இடப்பக்க மார்புக்குப் போனது. அங்கே பாக்கெட் இல்லை. கிளிகள்தான் இருந்தன. "அட, மறந்துட்டேன்" என்று வலப்பக்கம் கைவிட்டுப் பேனாவை எடுத்தார்.

மேனேஜர் அந்தப் பாக்கெட்டையே பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாகத் தளத்தைப் பார்த்தார். இன்றைக்கு வரமாட்டேன் என்ற பதினேழாம் மெஷின் அம்மா வந்திருந்தார். வாயில் முந்தானையை வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாஸ்டரின் முதுகைப் பார்த்தபடியே தைத்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், அந்தக் குடைச் சட்டை?"

"ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. ரெண்டையும் மடிச்சு விட்டுக்கிட்டேன்."

"மண்டையோடு?"

"காலர் திரும்பியிருந்தது. யார் கழுத்தைப் பார்க்கப்போறாங்க?"

"வரிக்குதிரை?"

"அதுல பட்டன் துளையே இல்லை தம்பி. உள்ளே ஊக்கு குத்திக்கிட்டு ஒரு நாள் ஓட்டினேன். அதைத் தைச்ச பொண்ணுதான் இப்ப ரெண்டாவது வரிசையில ஒரு நாளைக்கு எண்பது காலர் தைக்குது."

மாஸ்டர் பேனா மூடியைக் கழற்றிக் காகிதத்தின் மேல் குனிந்தார். மேனேஜர் அதைத் தன் பக்கம் இழுத்து நாலாக மடித்தார். எட்டாகவும் மடித்தார்.

"ஊரே சிரிக்குது. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே மாஸ்டர். எதுக்காக இதெல்லாம்?"

மாஸ்டர் கதவைச் சாத்தினார். வெளியே கேட்கக் கூடாது என்று குரலைத் தணித்தார்.

"நீங்க அத்தனை பேர் முன்னாடி கேட்டீங்க தம்பி, 'இதை எவன் போடுவான்'னு. யாராவது ஒருத்தன் பதில் சொல்லணும் இல்லையா?"