மேல் பெர்த்

அவர் ஏணியைத் தேடிக்கொண்டிருந்தார்.

மேலே தேக்குப் பலகை. அதில் பித்தளை விளிம்பு வைத்த மின்விசிறி. பெர்த் மட்டும் இல்லை.

அவள் கட்டிலின் நடுவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவளுக்கும் குழப்பமாகிவிட்டது.

அறை முழுக்க ஒரே கட்டில். இரண்டு தலையணை. நடுவில் துண்டை மடித்துச் செய்த இரண்டு அன்னங்கள், மூக்கோடு மூக்கு.

வெள்ளைக்காரன் காலத்து ரயில் பெட்டியாம். பழுது பார்த்து மெருகேற்றியிருக்கிறார்களாம். தலைப்பாகை கட்டிய பணியாளர் சொல்லிவிட்டுப் போனார். துரைமார் மேல் பெர்த்தில் ஏறியிருக்க மாட்டார்கள்தான்.

இவர்களுடைய கல்யாண நாளுக்கு மகள் தேன்மொழி சிங்கப்பூரிலிருந்து எடுத்துக் கொடுத்த பயணம். நான்கு நாள்.

தேன்மொழிக்கு விஷயம் தெரியாது.

கோவில்பட்டி வீட்டில் அவர் ஒன்பது வருடமாக மாடியில். இவள் கீழே. சாப்பாட்டுக்கு இறங்குவார், கை கழுவியதும் ஏறிவிடுவார். மகள் வந்து தங்கும்போது மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து இவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுப்பார். முதுகுக்குத் தரைதான் நல்லது என்பார். மகளும் நம்பிவிடுவாள்.

சண்டை எதில் தொடங்கியது என்பதே இப்போது சந்தேகம். இவள் தம்பி கல்யாணமா, அவர் அக்காவின் கண் ஆபரேஷனா? யார் இறங்கி வருவது என்பதில்தான் அது நின்றுபோனது. இரண்டு பேருக்கும் வீம்பு.

ரயிலில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. அவருக்கு மேல், இவளுக்குக் கீழ். சார்ட்டிலேயே அச்சடித்து ஒட்டிவிடுவார்கள்.

கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க என்று யாராவது வந்து நின்றால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ரிசர்வேஷன் இல்லாதவன் பேச்சு என்பார். இவள்தான் காலை மடக்கி இடம் விடுவாள்.

வண்டி வளைவில் குலுங்கியது. அவர் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டார். தரையைப் பார்த்தார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண். செருப்பு விடலாம்.

மத்தியானச் சாப்பாடு ஆனதும் அவருக்குப் படுத்தாக வேண்டும். முழங்காலும் சரியில்லை. இவளுக்குப் பாவமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. எது அதிகம் என்று தெரியவில்லை.

அவர் தொண்டையைச் செருமினார்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுதீங்களா?"

அவள் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

முப்பத்தெட்டு வருடத்தில் அவர் இவளை 'நீங்க' என்று சொன்னதே இல்லை.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது.

அவள் காலை மடக்கினாள். அன்னங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நகர்ந்தாள்.

அவர் கட்டிலின் விளிம்பில், பாதி உடம்பு வெளியே இருக்க, உட்கார்ந்தார்.

ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவரிடம் எல்லாரும் கேட்பதை அவளும் கேட்டாள்.

"எதுவரைக்கும் போறீங்க?"

அவர் சட்டைப் பையைத் தடவி, டிக்கெட்டைத் தேட ஆரம்பித்தார்.