பத்தாவது மிஷின்

“மூணு போட்டோவையும் நல்லாப் பாருங்க” என்றார் மூர்த்தி.

சுடலைமுத்து பார்த்தார். மூன்று வருடம், மூன்று மேடை, மூன்று வேறு வேறு சங்கங்களின் பேனர். மூன்றிலும் தையல் மிஷின் வாங்கிக்கொண்டு நின்றது ஒரே பெண். புடவைகூட மாறவில்லை.

“இது நம்ம கெம்பம்மால்லா?”

“நம்ம கெம்பம்மா இல்லீங்க, உங்க கெம்பம்மா. நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க?”

மூர்த்தி ஓசூரில் ஒரு சேவைச் சங்கத்தின் செயலாளர். அந்தச் சங்கத்தில் புதிதாகச் சேர்கிறவர் வெறுங்கையோடு வரக்கூடாது. கையோடு ஒரு ஏழையையும் கூட்டி வர வேண்டும். அந்த ஏழைக்கு மேடையில் உதவி வழங்கி போட்டோ எடுத்த பிறகுதான் புது உறுப்பினருக்குச் சட்டையில் பேட்ஜ் குத்துவார்கள்.

சுடலைமுத்து திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, சிப்காட் ஓரமாகச் சின்ன லேத் பட்டறை வைத்திருந்தார். இரண்டு லேத்தில் ஒன்று மூன்று மாதமாகச் சும்மா கிடந்தது. சங்கத் தலைவரோ பெரிய கம்பெனி ஒன்றில் பர்ச்சேஸ் மேனேஜர். சுடலைமுத்துவுக்குச் சமூக சேவையில் திடீரென்று ஆர்வம் வந்த கதையை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

“மிஷினை எல்லாம் வித்துத் தின்னிருப்பா. நேராப் போயி, வித்துட்டேன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. அவ பேரை அடிச்சிட்டு வேற ஆளைப் போட்டுக்கலாம். ஞாயித்துக்கிழமை விழா. அழைப்பிதழ்ல பத்து மிஷின்னு அச்சடிச்சாச்சு, மேடையில பத்துப் பேரு நிக்கணும். இல்லேன்னா உங்க பேட்ஜை மறந்துடுங்க.”

சுடலைமுத்து போட்டோக்களை அள்ளிக்கொண்டு எழுந்தார். ஒரு பொம்பளையிடம் ஏமாந்ததுமில்லாமல், வரவேண்டிய ஆர்டரும் போகப்போகிறதே. பைக்கை எடுத்துக்கொண்டு பாகலூர் ரோட்டில் கெம்பம்மாவின் ஊருக்கு விரட்டினார்.

கெம்பம்மா வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். போட்டோக்களை அவள் முன்னால் போட்டார். அவள் ஒன்றை எடுத்துத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

“இதுல நல்லா விழுந்திருக்கறேன் சார்.”

“மூணு மிஷினும் எங்கம்மா? வித்துட்டீங்களா?”

“வாங்க, காட்டறேன்.”

ஊருக்குப் பின்னால், கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள். முதல் அறையில் ஒரு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவதில் ஒன்று. நான்காவதில் மிஷினுக்குப் பக்கத்திலேயே தூளி தொங்கியது.

“தைக்கறாளே, இவ கல்லாவி ஊர்க்காரி. புருசன் வுட்டுட்டுப் போயிட்டான். ரேஷன் கார்டு மாமியாகிட்ட இருக்குது, இவ பேரை நீக்கித் தரமாட்டேங்கறா. அங்க நீக்காம இங்க புதுக் கார்டு தரமாட்டாங்களாம். மத்தவங்க கதையும் இதேதான். கார்டு இல்லாதவளுக்கு எந்தச் சங்கமாச்சும் மிஷின் குடுக்குதா சார்?”

கொடுப்பதில்லை. உதவி கேட்கும் விண்ணப்பத்தில் முதல் வரியே கார்டு நம்பர்தான்.

“எங்கிட்ட கார்டு இருக்குது. தைக்கத்தான் தெரியாது” என்றாள் கெம்பம்மா.

“அப்ப எங்க சங்கத்துல கேட்ட நாலாவது மிஷின் யாருக்கு?”

கடைசி அறை வாசலில் ஒரு பெண் குனிந்து உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கையாலேயே தையல் போட்டுக்கொண்டிருந்தாள்.

“சுமலதா. நாட்றாம்பாளையத்துலேர்ந்து வந்தவ. மூணு மாசமாக் காத்துட்டு இருக்கறா. இனிமே என் பேரு செல்லாது. கார்டு வச்சிருக்கற மத்த பொம்பளைங்களைக் கேட்டா, அப்படி வாங்கினா நாங்களே வச்சுக்குவோம்னு சொல்றாங்க. அதுவும் நாயந்தானே சார்.”

சுடலைமுத்து போட்டோக்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். எதையும் எழுதி வாங்கவில்லை.

மறுநாள் மூர்த்தியைப் பார்த்தார்.

“சார், கார்டு இல்லாதவங்களுக்கு நாம மிஷின் குடுக்க முடியாதா?”

“கார்டு இல்லாதவ ஏழைதான்னு நமக்கு எப்படிங்க தெரியும்?”

சுடலைமுத்து மேஜைமேல் இருந்த அழைப்பிதழைப் பார்த்தார். சும்மா கிடக்கிற லேத் கண்ணுக்குள் வந்து நின்றது.

“அப்ப நான் குடுத்த மெம்பர் விண்ணப்பத்தத் திருப்பித் தந்துருங்க சார்.”

“ஏன்?”

“மெம்பர் குடும்பத்துக்கு உதவி கிடையாதுன்னு விதி இருக்குல்லா? எங்க வீட்டுக்காரிக்கு ஒரு மிஷின் வேணும்.”

மூர்த்தி அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்குவது சுடலைமுத்துவுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பத்து என்று அச்சடித்தது அச்சடித்ததுதான். மூர்த்தி கார்டு நம்பரைக் குறித்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி பேச்சியம்மாள் முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டாள்.

“ஏங்க, மேடைக்கு நல்ல சேலை கட்டவா, பழசு கட்டவா?”

“பழசே கட்டு.”

ஞாயிற்றுக்கிழமை பத்தாவது ஆளாகப் பேச்சியம்மாள் மேடை ஏறினாள். தலைவர் கையால் மிஷின் வாங்கினாள், போட்டோவுக்குச் சிரிக்காமல் நின்றாள். விழா முடிந்ததும் சுடலைமுத்து மிஷினை ஆட்டோவில் ஏற்ற, அவள் டிரைவருக்குச் சுமலதாவின் லைன் வீட்டுக்குப் போகும் வழியைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூர்த்திக்கு மனசு ஆறவில்லை. பக்கத்தில் வந்து சொன்னார்.

“சேவை செய்ய வந்த ஆளு, கடைசியில பொண்டாட்டிய மேடை ஏத்தி மிஷின் வாங்கிட்டுப் போறீங்க. இனி இந்த ஓசூர்ல எந்தச் சங்கம் உங்களைச் சேத்துக்கும்?”

“ஒண்ணுல சேத்துக்கிட்டாங்க சார்” என்றார் சுடலைமுத்து, மிஷினைக் கயிற்றால் கட்டிக்கொண்டே. “கார்டு இருக்கான்னு மட்டுந்தான் கேட்டாங்க.”