படகு வேண்டாம், மான் போதும்

"படகு வேண்டாம் அம்மா. நாங்கள் மானைப் பாக்கப் போவம்."

எட்டு வயது ஜதுசா இதைச் சொன்னபோது, மதிவதனா படகுக்காரரிடம் மூன்று பேருக்கும் கதைத்து முடித்திருந்தாள்.

"நேற்றும் மான்தானே பாத்தனாங்கள் பிள்ளை?"

"நேற்றுப் பாத்தது வேற மான்."

ஐந்து வயது கிரிசாந் அக்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு, "எனக்கும் மான்தான்," என்றான். கண் மட்டும் படகிலேயே இருந்தது.

படகுக்காரர் சிரித்தார். "பிள்ளையளுக்குக் கடல் பயமோ தங்கச்சி?"

"தெரியேல்ல அண்ணை."

சொன்ன பிறகுதான் அந்தப் பதில் அவளைச் சுட்டது. பெற்ற பிள்ளைகளுக்குக் கடல் பயமா இல்லையா என்று தெரியவில்லை.

மூன்றரை வருடம் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டு, போன கிழமைதான் பாலையூற்றுக்குத் திரும்பியிருந்தாள். அவள் போகும்போது கிரிசாந்துக்குப் பேச்சே சரியாக வரவில்லை. ஊருக்குப் போனதும் இரண்டு பேரையும் திருகோணமலை முழுக்கக் கூட்டித் திரிய வேண்டும், கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அந்த வீட்டுக் குசினி அடுப்படியில் நின்றபடி எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள்.

இங்கே பிள்ளைகள் எதையுமே கேட்கவில்லை.

முதல் நாள் ஓட்டோவை மறித்தாள். "பஸ்ஸில போவம்," என்றாள் ஜதுசா. விளையாட்டுச் சாமான் கடையில் மதிவதனா ஒரு சிவப்புக் காரை எடுத்துக் கொடுத்தாள். கிரிசாந் அதன் சில்லை ஒருதரம் சுழற்றிப் பார்த்து, காரைத் திருப்பி வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அடுத்த நாள் பின்னேரம் முழுக்க உள்துறைமுகக் கரையில் உட்கார்ந்து கப்பல் எண்ணினார்கள். கொத்துரொட்டிக் கடை வாசல் வரை வந்தவர்கள், "வீட்டை போய்ச் சாப்பிடுவம்," என்று திரும்பிவிட்டார்கள்.

ஆனால் பக்கத்து வீட்டு பஹ்மியா கொண்டுவந்து கொடுத்த வட்டிலப்பத்தைக் கிண்ணம் வழித்துச் சாப்பிட்டார்கள். அதுதான் மதிவதனாவுக்கு விளங்கவேயில்லை. அவள் கொடுத்தால் வேண்டும். நான் கொடுத்தால் வேண்டாமா?

கணவன் தனஞ்சயனிடம் கேட்டாள். "கன நாளைக்குப் பிறகு காணுதுகள். கூச்சமா இருக்கும். போகப்போகச் சரிவரும்," என்றான்.

கூச்சமென்றும் சொல்ல முடியவில்லை. இன்று படகை விட்டுவிட்டு, மான் திரியும் கோட்டைக்குள் நுழைந்ததும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மரத்தடியில் படுத்திருந்த மான்களைப் பார்த்தபோதும் விடவில்லை. கடற்கரைக்குத் திரும்பி நடந்தபோதும் விடவில்லை. ஜதுசா பிடித்த பிடியில் விரல் நொந்தது.

கடற்கரையில் ஐஸ்கிறீம் வண்டிச் சத்தம் கேட்டது. கிரிசாந்தின் நடை தானாக நின்றது. இந்த முறை மதிவதனா எதையும் கேட்கவில்லை. இரண்டு கோன் வாங்கி இரண்டு பேரின் கையிலும் வைத்தாள்.

ஜதுசா கோனைப் பார்த்தாள். விறுவிறென்று வண்டிக்காரர் முனீபிடம் போனாள்.

"மாமா, நான் வாய் வைக்கேல்ல. இதைத் திருப்பி எடுங்கோ."

"உருகத் தொடங்கினதை என்னெண்டு மகள் திருப்பி எடுக்கிறது?" என்ற முனீப், மதிவதனாவை ஒருமாதிரிப் பார்த்தார்.

அவளுக்கு அந்த இடத்தில் நிற்க ஏலவில்லை. இரண்டு பேரையும் ஒரு தோணியின் நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போய், மணலில் முழங்காலிட்டாள்.

"என்னில கோவமா?"

ஜதுசா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் உங்களை விட்டிட்டுப் போனதுக்கா? சொல்லுங்கோ. அம்மா ஏச மாட்டன்."

"கோவம் இல்லை."

"அப்ப ஏன் நான் தாறது ஒண்டும் வேண்டாம்? பஹ்மியா மாமி தந்தா சாப்பிடுறீங்கள். என்ர கையால தந்தா மட்டும் ஏன் வேண்டாம்?"

ஜதுசா உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் நிரம்பிவிட்டது. கிரிசாந்தின் ஐஸ்கிறீம் உருகி முழங்கை வரை வழிந்தது. அவன் அதை நக்கவுமில்லை, போடவுமில்லை. அக்காவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவனால் பொறுக்க முடியவில்லை.

"காசு முடிஞ்சா நீங்கள் திரும்பவும் பிளேன்ல போயிடுவீங்கள் எண்டு அக்கா சொன்னவ, அம்மா. அதுதான் நாங்கள் காசு குடுக்கத் தேவையில்லாத இடமாப் பாத்துப் பாத்துச் சொல்லுறனாங்கள்."