படத்தில் குறைந்த மீன்

மகள் அனிற்றாவுக்குப் பிள்ளை பிறந்தும் பால் சரியாகச் சுரக்கவில்லை. காரல் மீன் குழம்பு வைத்துக் கொடுத்தால் சுரந்துவிடும் என்று ஜெனோபா நம்பினாள். ஆனால் ஊருக்கு எதிரே பவளப்பாறையைச் சுற்றித் திரிந்த மீன் அத்தனையும் விற்றுப்போயிருந்தது. செயற்கைக்கோள் எடுத்த படத்தை வைத்து இத்தனை மீன் இருக்கிறதென்று கணக்குப் போட்டு, நீந்திக்கொண்டிருக்கும்போதே ஒரு கம்பெனி வாங்கிவிட்டது. அங்கே வலை போட்டால் திருட்டு.

ஜெனோபா பட்டப்பகலில் வள்ளத்தை எடுத்துக்கொண்டு போய் வலையை வீசினாள். ஒருமுறை வானத்தை நன்றாக நிமிர்ந்து பார்த்தாள். பார்க்கிறவன் பார்க்கட்டும் என்றிருந்தது.

அனிற்றா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது கம்பெனி ஆள் வாசலில் வந்து நின்றான்.

“யக்கா, படத்துல மீன் குறையுது. நீங்கதான் எடுத்திருக்கீங்க.”

“நான்தான் எடுத்தேன். பிள்ளைக்காரி சாப்பிடுறா, மெதுவாப் பேசுங்க.”

“இன்னிக்கே வள்ளத்தைப் பூட்டிருவாங்க, யக்கா.”

“பூட்டட்டும். நாளைக்கும் குறையும்னு சொல்லிருங்க.”

சாயங்காலமே வள்ளத்துக்குச் சங்கிலி விழுந்தது. ஜெனோபா பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனாலும் விடிந்ததும் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். நீந்தியாவது போய்விடலாம் என்பது அவள் எண்ணம்.

அங்கே பக்கத்து வீட்டு ரொசாரி தன் வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கி வைத்திருந்தாள்.

“ஏறுங்க மைனி.”

“உன் வள்ளத்தையும் பூட்டிருவாங்கடி.”

“இந்த ஊர்ல உங்க மக ஒருத்திதான் பிள்ளைக்காரியா?”

இரண்டு பேருமாகப் பவளப்பாறைக்கு நேரே தண்டு வலித்தார்கள்.