பேச்சை விடாதே!

“உள்ளே மாட்டிக்கிட்டவர் மயங்கிடக் கூடாது. மேலே வர்ற வரைக்கும் பேச்சு கொடுத்துக்கிட்டே இருக்கணும். ‘சரி’ன்னு பதில் வந்தா, ஆள் நினைவோட இருக்கார்னு அர்த்தம்” என்றார் மீட்புப் பயிற்சியாளர்.

இருபதடி ஆழக் காலித் தொட்டிக்குள், மாட்டிக்கொண்டவராக நடிக்க, கயிறு கட்டிய பெல்ட்டோடு ஃபோர்மேன் இறங்கியிருந்தார். அவரைத் தூக்கும் வின்ச்சின் கைப்பிடியைப் பெண் வெல்டர் பிடித்தாள்.

“அவளா? வேற யாரையாவது போடுங்க சார்!” உள்ளிருந்து குரல் வந்தது.

“மாட்டிக்கிட்டவருக்கு ஆள் பார்த்து எடுக்கிற வசதியெல்லாம் கிடையாது!” பயிற்சியாளர் சிரித்தார்.

அவள் தொட்டி வாயில் குனிந்து ஏதோ கேட்டாள். காற்றடிக்கும் மோட்டார் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. பதில் மட்டும் எதிரொலித்தது.

“முடியாது!”

“என்னமா நடிக்கிறார்! பேச்சை விடாதேம்மா” என்றார் பயிற்சியாளர்.

பாதி உயரத்தில் கயிறு நின்றது. அவள் மறுபடி குனிந்து கேட்டாள். சற்று நேரத்தில் உள்ளிருந்து ஃபோர்மேன் குரல் எதிரொலித்தது.

“சரி... சரிம்மா, சரி!”

கயிறு விறுவிறுவென்று மேலேறியது.

பயிற்சியாளர் முழு மதிப்பெண் போட்டார். “எல்லாம் பிரமாதம். பாதியில ஏன் நிறுத்தினே?”

“யோசிக்கக் கொஞ்சம் டைம் கேட்டார் சார்.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு?”

ஃபோர்மேன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“என் பையன் உன்கிட்ட எப்படிச் சிக்கினான்னு இப்பத்தான் புரியுது. மொதல்ல இந்த பெல்ட்டை அவுத்து விடு, மருமகளே!”